புது அறையின் மாபிள்

புது அறையில் சுவரோரம் தரையில் பதித்திருந்த மாபிள் கல் ஒன்று, ஐந்து ரூபாய் நாணயக் குற்றியால் தட்டியபோது, கோறை விழுந்த மரம்போல் உள்ளே வெறுமையாக ஒலித்தது. குகதாசனுக்குப் பயம் வரவில்லை. ஒரு குரூரச் சந்தோஷந்தான் வந்தது. மேசன்மார் எல்லாரும் கள்ளர் என்பது அவன் கொள்கை. வீட்டோடு சேர்த்துப் புதிதாய் ஒரு அறை இறக்க நம்பிக்கையான ஆள் தேடி மல்லாவி முழுக்க விசாரித்து, வந்தவர்களையெல்லாம் குற்றம் சொல்லித் துரத்திவிட்டு, கடைசியில் சிவராசாவைப் பிடித்ததுகூட அவன் எதிர்க்கதை கதைக்கமாட்டான் என்பதற்காகத்தான்.

ஒரேயொரு முறை சிவராசா வாய் திறந்தான். அத்திவாரம் வெட்டும்போது சண்டைக் காலத்தில் ஆட்கள் பதுங்கிய பழைய பங்கர் ஒன்றின் வாய் தெரிந்தது. அது குகதாசனின் மனைவி தாட்சாயினியின் சீதனக் காணி. சண்டைக் காலத்தில் அவளுடைய ஆட்கள் வவுனியாவில் இருக்க, மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த யார் யாரோ அந்த வளவில் தங்கியிருந்தார்கள். பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"சேர், கிராம விதானையாருக்குச் சொல்லிப்போட்டுக் கிண்டிப் பாப்பமே? உள்ளுக்கை என்ன கிடக்குதோ."

"அவங்கள் வந்து வேலையை மறிச்சா ஆர் முடிக்கிறது? மனுசிக்கு மாசம் நெருங்குது. மண்ணைக் கொட்டி மூடும்."

"ஓம் சேர்."

அவ்வளவுதான் சிவராசாவின் மனச்சாட்சி. உள்ளே டோர்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் கல்லையும் மண்ணையும் கொட்டினான். மூடச் சொன்னவனும் மூடியவனும் ஜாடிக்கேற்ற மூடிதான்.

இப்போது பிள்ளையும் பிறந்து அந்தப் புது அறையில் கிடந்தது. கூப்பிட்டதும் சிவராசா வந்து, அந்தக் கோறை மாபிளை உடைத்துக் காட்டினான். அடியில் சீமெந்து இறுகிக் கிடந்தது; ஊசி போக இடமில்லை. புதிது பதித்துவிட்டுப் போனான். மறுநாள் அது கணீரென்றது. பக்கத்து மாபிள் கோறையாகிவிட்டது. அதற்கடுத்த நாள் அதற்கும் அடுத்தது. "வேலை தெரியாத நாயள்" என்று பல்லைக் கடித்தபடி குகதாசன் சோக்கட்டியால் குறி போட்டான். குறிகள் குழந்தையின் பாயை நோக்கி ஒரே கோடாக வருவதைக் கண்டான். கண்டும், மேசனின் மோசமான வேலைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம் கரண்ட் போனது. தாட்சாயினி குளிக்கப் போயிருந்தாள். ஓட்டில் மழை இரைய, யன்னல் வெளிச்சம் சாம்பலாக மங்க, புதுப் பெயின்ற் மணத்துக்குள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த மண்ணின் புளித்த வாடையொன்று ஏற, பாயில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. குகதாசன் பழக்கதோஷத்தில் பாயோரத்து மாபிளைக் குற்றியால் தட்டினான்.

டக்.

கீழிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

போனை எடுத்தான். "சிவராசா, கீழை ஆரோ தட்டுகினம்."

"நீங்கள்தானே சேர் மூடச் சொன்னனீங்கள்," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

குகதாசன் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். பிள்ளை இன்னும் வீரிட்டது. கீழே தட்டும் வேகம் கூடியது. ஒரு கையல்ல. சுவரோரம். கதவடி. அவன் காலடி. அறை முழுக்க. பதறிப் பதறித் தட்டினார்கள். வெளியே யாருக்கும் பிள்ளையின் அழுகை கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், நிலத்துக்கடியிலிருந்து பல குரல்கள் ஒன்றாய் எழுந்தன.

"உஷ்ஷ்..."

கதவடி மாபிள் வெடித்தது. இனி ஓட வழியில்லை. பிள்ளை அழுதது. மற்றொன்று வெடித்தது.

பிள்ளையைத்தான் கேட்கிறார்கள் என்று விளங்கியது; அவன் குனிந்தான். பிள்ளையைப் பாயில் கிடத்தினான்.

எல்லாம் அடங்கியது. பாய்க்குக் கீழே மட்டும் ஒரேயொரு கை. மெதுவாக, தாலாட்டுவதுபோல். தொம். தொம். பிள்ளையின் விம்மல் தணிந்தது. கண் செருகியது.

தலையைத் துவட்டியபடி தாட்சாயினி வாசலில் வந்து நின்றாள். "என்னப்பா, நித்திரையாக்கிப் போட்டியளே? கெட்டிக்காரன்தான்."

பிள்ளை தூக்கத்தில் சிரித்தது. அதன் முதுகுக்குக் கீழே பாய் ஒரு உள்ளங்கை அளவுக்கு மேடாக எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்தது.