நோட்டரியின் மூன்றாவது விதி

நோட்டரி அம்மாள் துப்பறிவாளரின் அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தாழிட்டார். கூட வந்த தங்கை கணவர், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு விசாரணை, சார். என் லைசென்ஸ் போயிடும்."

அவர் நீட்டியது ஒரு பத்திரம். பேக்கரிக்காரர் ஒருவர் தன் வீட்டை விற்க யாருக்கோ அதிகாரம் கொடுப்பதாக அதில் இருந்தது. கீழே நோட்டரியின் கையெழுத்து. பக்கத்தில், மையில்லாமல் தாளைப் புடைக்க வைக்கும் முத்திரை. பேக்கரிக்காரரோ நோட்டரி ஆபீஸ் வாசலையே மிதித்ததில்லை என்கிறார்.

"முத்திரை போலியா?" என்றார் துப்பறிவாளர். மற்றவர்கள் பதறும்போது இவருக்குக் கொட்டாவி வரும். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"என்னோடதுதான். பூட்டி வெச்சிருந்தேன்னா நான் மோசடிக்காரி. திறந்து கிடந்ததுன்னா பொறுப்பில்லாதவ. எப்படிச் சொன்னாலும் லைசென்ஸ் ரத்து."

"விதி என்ன சொல்லுது?"

"ஆள் நேர்ல வரணும். முத்திரை என் பூட்டுலயே இருக்கணும்." இருமினார். "சொந்தக்காரங்களுக்குப் போடக்கூடாது."

தங்கை கணவர் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார். மூன்றுதான். ஆனாலும் நேரம் எடுத்தது.

அதற்குள் தந்தி என்ற உதவியாளன், அம்மாள் மேசைமேல் வைத்திருந்த முத்திரை இடுக்கியை எடுத்து, வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை ஒரு கடி கடிக்க வைத்தான்.

"ஐயோ, ஒரு தாள் போதாதா தம்பி? அடியில இருக்கறதெல்லாம் பாழாப் போச்சு!"

கொட்டாவி பாதியில் நின்றது. துப்பறிவாளர் பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"இந்த முத்திரையில ஆழமே இல்ல. நீங்க அமுக்கும்போது இது வெறுந்தாள். மேல வேற பத்திரம் இருந்திருக்கு. ஒரே அமுக்குல ரெண்டுக்கும் விழுந்திருக்கு. உங்க பேனா அழுத்தமும் கீழ பள்ளமா இறங்கியிருக்கு. அதுமேல மை ஓட்டிட்டு, பத்திர வாசகத்தை அப்புறமா டைப் அடிச்சுக்கிட்டாங்க."

"யாரு சார்?" என்று துள்ளினான் தந்தி.

"பக்கத்துல மை படாத பள்ளம் ஒண்ணு இருக்கு பாரு. மேல் தாள்ல கையெழுத்துப் போட்டவரோடது."

அம்மாள் குனிந்து பார்த்தார். பள்ளத்தை விரலால் தடவி எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"மாப்பிள்ளை... போன வாரம் வாடகை ஒப்பந்தம்னு கொண்டு வந்தீங்களே... தாளையெல்லாம் நீங்களே அடுக்கிப் பிடிச்சுக்கிட்டு..."

"அக்கா, குடும்பத்துக்குள்ள இதெல்லாம்..." என்று எழுந்தவர் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளின்மேல் தந்தி சாய்ந்திருந்தான்.

"அப்போ நான் தப்பிச்சேனா, சார்?"

"மோசடியிலேர்ந்து தப்பிச்சீங்க. அந்த மேல் தாள்ல முத்திரையை யாருக்குப் போட்டீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க."

நோட்டரி அம்மாள் மூன்றாவது விதியை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். இந்த முறை இருமல் வரவில்லை.