ஜோடிப் பார்வையாளர்

கைபேசி அலறியது!

நின்றிருந்த காரின் பின் சீட்டில் கண்ணாடிக்காரி அதை எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண்... பாதி பேச்சு, பாதி அழுகை!

"மேடம்... நான் ஆரம்பப் பள்ளி பூத் டீச்சர். நேத்து உங்க நம்பர் கொடுத்தீங்களே..."

"சொல்லுங்க டீச்சர்."

"இப்ப இங்கே கிளம்பி வராதீங்க மேடம்! நீங்க வந்தா என் வீட்டுக்காரரைக் கொன்னுடுவாங்களாம்... கழுத்துல கத்தி வச்சிருக்காங்க!"

டொக்.



அயல்நாட்டுத் தேர்தல் பார்வையாளர் வேலை அவளுக்குப் புதிதல்ல. பார்க்கலாம், கேட்கலாம், பார்த்ததை மேலிடத்துக்குச் சொல்லலாம். பெட்டியைத் தொடக்கூடாது, யாருக்கும் உத்தரவு போடக்கூடாது. கழுத்தில் கத்தியோடு நிற்கும் மனிதனைப் பற்றி மட்டும் பயிற்சியில் யாரும் வாயே திறக்கவில்லை.

அடுத்து எந்த பூத் என்பதைக் காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் முடிவு செய்வார்கள். ஆரம்பப் பள்ளி என்று முடிவாகி, டீக்கடைக்குப் போன டிரைவருக்காகக் காத்திருந்தார்கள். வண்டி கிளம்பும்போதுதான் அவருக்கே சொல்வது வழக்கம்.

பக்கத்தில் தாடிக்காரர். வேறொரு நாட்டிலிருந்து வந்த ஜோடிப் பார்வையாளர். வந்த நாளிலிருந்து அவரை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

சொன்னாள்.

"ஐயையோ! அப்ப அந்தப் பள்ளிக்கூடமே வேணாம்மா."

"போகலைன்னா கள்ள ஓட்டைக் குத்தித் தள்ளுவாங்களே அண்ணா!"

"தள்ளட்டும். உசுரு முக்கியமா, ஓட்டு முக்கியமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் எங்கோ நெருடியது.

தப்பாக ஒரு அடி வைத்தால் ஒரு மனிதன் செத்துப்போவான். நேற்று அந்த டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சுகளைத் துடைத்தது நினைவுக்கு வந்தது.

"சரிண்ணா... மார்க்கெட் பூத்துக்குப் போயிடலாம்."

"அதான் புத்திசாலித்தனம்!" என்றபடி கைபேசியைத் தட்ட ஆரம்பித்தார்.

"யாருக்குண்ணா?"

"வீட்டுக்கும்மா. பொண்ணுக்குக் காய்ச்சல்."

"எனக்குக் குமட்டுது. முகம் கழுவிட்டு வந்துடறேன்."

எதிரே இருந்த பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்தாள். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "எங்கே மேடம்?"

"மார்க்கெட். மெதுவாவே போங்க."

மார்க்கெட் பூத்தில் வரிசை, சீல், மை... எல்லாம் கண் முன்னால் இருந்தன. ஒன்றுமே அவள் மண்டையில் ஏறவில்லை. நல்ல பார்வையாளர்தான்!

மறுபடி கைபேசி அலறியது. எடுக்கவே பயந்தாள்.

"மேடம்! போலீஸ் வந்துடுச்சு!" டீச்சர்தான். "நீங்க மார்க்கெட் போறீங்கன்னு அவனுங்க போனுக்குச் சேதி வந்துச்சு. உடனே கத்தியைக் கீழே வச்சுட்டு நிம்மதியா ஓட்டுக் குத்த உக்காந்தானுங்க... கையும் களவுமா அமுக்கிட்டாங்க!"

"உங்க வீட்டுக்காரர்...?"

"கழுத்துல கீறல்தான். பொழைச்சுட்டார் மேடம்!"

கண்ணாடிக்காரி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

தாடிக்காரர் குனிந்தார். "போலீஸுக்கு யாரும்மா சொன்னது?"

"பங்க்குலேர்ந்து நம்ம தலைமை அலுவலகத்துக்குப் பேசினேன். அவங்க தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

அவள் நிமிர்ந்தாள்.

"பள்ளிக்கூடம்னு காருக்குள்ளே நாம ரெண்டு பேரும்தானே முடிவு பண்ணோம்? டிரைவருக்கே தெரியாது. நாம வரப்போறது கத்தி வச்சவனுக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?"

தாடிக்காரரின் முகம் வெளுத்தது. வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"நீ... நீ விதியை மீறிட்டே! பார்வையாளர் தலையிடக்கூடாது!"

"நான் எங்கே தலையிட்டேன்? கேட்டதை மேலிடத்துக்குச் சொன்னேன். அதுதானே நம்ம வேலை? உங்களை அண்ணான்னு கூப்பிட்டேனே... அதுதான் தாங்க முடியலை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஜோடியா ஏன் அனுப்பறாங்கன்னு இப்பத்தான் புரியுது. தேர்தலைப் பார்க்க ஒரு ஆள் போதும்... இன்னொரு ஆள், கூட வந்தவரைப் பார்க்க!"