மஷூர் நானாவின் இரண்டு பிறந்தநாள்கள்

மஷூருக்கு இருபது வயது ஆகப்போகிறது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் எந்த நாளில் பிறந்தான் என்பதுதான் ஒரு புதன்கிழமை திடீரென்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அது 1946ஆம் ஆண்டு, ஜூன் மாதம். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீடு. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அடுப்படிவரை கேட்கும். துறைமுகத்தின் பெரிய பாரந்தூக்கிகளைப் பார்த்துப் பார்த்தே மஷூருக்கு இயந்திரப் படிப்பில் ஆசை வந்தது. சீமைக்குப் போய்ப் படிக்க அரசாங்கம் புலமைப்பரிசில் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவன் விண்ணப்பம் போட்டான்.

விண்ணப்பம் போடுவது சும்மா காரியம் இல்லை. எட்டுப் பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதோடு பிறப்புப் பத்திரம் வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது கொடுக்கும் விடுகைப் பத்திரமும் வேண்டும். கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், ஒருவர் இருந்து, ஒரு பத்திரத்தில் உள்ளது மற்றப் பத்திரத்திலும் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்.

அப்படிப் பார்த்தவர்தான் அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தார். மஷூர் அதைச் சத்தமாக வாசித்தான்.

பிறப்புப் பத்திரத்தில் 1926 ஜூலை முதலாம் திகதி என்று இருக்கிறது. விடுகைப் பத்திரத்தில் ஜூலை இரண்டாம் திகதி என்று இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் திருப்தியான விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும்.

“ஒரு நாள்தானே” என்றாள் தங்கை ஸமீமா. அவளுக்குப் பத்து வயது.

அந்த ஒரு நாளில்தான் எல்லாமே இருந்தது. இந்த வருடம் ஜூலை முதலாம் திகதி இருபது வயது நிரம்பியவர்களுக்குத்தான் புலமைப்பரிசில். முதலாம் திகதி பிறந்திருந்தால் மஷூர் போகலாம். இரண்டாம் திகதி பிறந்திருந்தால் ஒரு நாள் குறைகிறது, போக முடியாது. போவதற்காகத் திகதியை மாற்றிவிட்டான் என்றுகூடக் கந்தோரில் நினைக்கலாம்.

வாப்பா மக்கீன் அலுமாரியிலிருந்து தன் கறுப்புக் கொப்பியை எடுத்தார். பிள்ளைகள் பிறந்த விவரத்தை அவர் அதில்தான் எழுதி வைப்பார். ‘மஷூர். வெள்ளி. ஹஜ்ஜு மாதம் பிறை இருபது.’

முஸ்லிம்களின் மாதம் பிறை பார்த்துத் தொடங்கும். அதனால் முதல் நாள் பிறை ஒன்று, அடுத்த நாள் பிறை இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். மஷூரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாப்பா இந்தக் கொப்பியைத்தான் வாசித்துக் காட்டினார். தலைமையாசிரியர் பழைய பஞ்சாங்கத்தில் அந்த வெள்ளிக்கிழமையைத் தேடி, ஜூலை இரண்டு என்று பதிந்தார்.

“அப்போ பிறப்புப் பத்திரம்?” என்று ஸமீமா கேட்டாள்.

அதை வாப்பா எழுதவில்லை. பிள்ளைப்பேறு பார்த்த மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸ் கொடுத்த துண்டைப் பார்த்துப் பதிவுகாரர் எழுதினார். மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸ் கையில் கடிகாரம் கட்டியிருப்பார். அவர் எதையும் பிழையாக எழுதமாட்டார் என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லும்.

உம்மா பலீலாவைக் கேட்டார்கள். வெள்ளிதான், பெற்றவளுக்குத் தெரியாதா என்றார் அவர்.

“நானா, உங்களுக்கு ஒண்டும் நினைவில்லையா?” என்று ஸமீமா அண்ணனைக் கேட்டாள்.

“நானும் அங்கேதான் இருந்தேன்” என்றான் மஷூர். “ஆனா கலண்டர் பார்க்கல்ல.”

கொப்பி பிழை என்று வாப்பா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்றான் அவன். வாப்பா கொப்பியைப் பட்டென்று மூடினார். “பிழை இல்லாததைப் பிழையெண்டு நான் எழுதிக் கையெழுத்து வைக்க மாட்டன், மகன். அது பொய்.”

மஷூர் அன்று இரவு சோறு சாப்பிடவில்லை.

வியாழக்கிழமையும் குழப்பம் தீரவில்லை. மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸைக் கேட்கலாம் என்றால், அவர் எப்போதோ மன்னாருக்குப் போய்விட்டார். பின்னேரம் ஸமீமா பின்மதிலடியில் நின்று பக்கத்து வீட்டு ரமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரமணியின் அப்பா சுப்புராமன் புறக்கோட்டையில் வியாபாரம் செய்பவர். அவர்களுக்குச் சொந்த ஊர் இந்தியா. ரமணிக்கும் ஒன்றும் புரியவில்லை.

அப்போது பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. சூரியன் மறைந்துவிட்டது. உம்மா சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்தார்.

“ஸமீமா, வெள்ளி வந்திட்டுது. கதைச்சது போதும், ஓத வாங்கோ.”

ரமணி சிரித்தாள். “உங்கம்மாவுக்கு என்ன அவசரம்? வெள்ளிக்கிழமை நாளைக்குத்தானே.”

“இல்லை, இப்பவே...” என்று தொடங்கிய ஸமீமா வாயை மூடிக்கொண்டாள்.

“ரமணி, உங்கட வீட்டில எப்போ நாள் மாறும்?”

“விடிஞ்சாத்தான். நான் விடியறதுக்கு முன்னாடி பிறந்தேன். ஜாதகத்துல செவ்வாய், சர்டிபிகேட்டுல புதன். அம்மா செவ்வாய்க்கிழமை பாயசம் வைப்பாங்க, அப்பா புதன்கிழமை லட்டு வாங்கித் தருவார். எனக்கு நஷ்டம் இல்ல.”

“அப்பாவிட்ட பழைய பஞ்சாங்கம் இருக்கா?”

ஒரு பரண் நிறைய இருக்கிறது என்றாள் ரமணி.

ஓதி முடித்ததும் ஸமீமா உம்மாவிடம் போனாள். தான் நினைத்ததை முதலில் சொல்லவில்லை. சொன்னால், ‘அப்படித்தான் இருக்கும்’ என்று உம்மா தலையாட்டிவிடுவார். அதனால் நான்கு பிள்ளைகளும் என்ன நேரத்தில் பிறந்தார்கள் என்று மட்டும் கேட்டாள்.

மஷூர், மஃரிபுக்குப் பிறகு. லாம்பு ஏற்றியிருந்தது. கல்யாணமாகிப் பேருவளைக்குப் போன ஜெஸீமா, நல்ல மத்தியான வெயிலில். ஸமீமா, காலையில். தம்பி ஹமீட், எல்லோரும் இராச்சாப்பாடு சாப்பிடும்போது.

“இப்பவும் அந்த நேரத்துக்குத்தான் அவனுக்கு அழுகை வரும்” என்றார் உம்மா.

தகரப் பெட்டியில் நான்கு பேரின் பிறப்புப் பத்திரங்களும் இருந்தன. ஸமீமா ஒவ்வொரு திகதியாகச் சொல்ல, பரணிலிருந்து பஞ்சாங்கங்களை இறக்கிக்கொண்டு வந்த ரமணி அவற்றில் கிழமையைத் தேடிச் சொன்னாள். அதைக் கறுப்புக் கொப்பியோடு ஒப்பிட்டார்கள்.

ஜெஸீமா: பத்திரத்தில் செவ்வாய், கொப்பியிலும் செவ்வாய். ஸமீமா: இரண்டிலும் புதன். ஹமீட்: பத்திரத்தில் ஞாயிறு, கொப்பியில் திங்கள். மஷூர்: பத்திரத்தில் வியாழன், கொப்பியில் வெள்ளி.

பகலில் பிறந்தவர்களுக்கு ஒரே நாள். இருட்டிய பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும் கொப்பி ஒரு நாள் முந்தி ஓடுகிறது.

“எனக்கும் ரெண்டு பிறந்தநாளா?” என்று ஹமீட் கேட்டான். அவனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாப்பா, மஷூர், ஸமீமா மூவரும் கோட்டையில் உள்ள கந்தோரில் நின்றார்கள். கடிதத்தை அனுப்பிய லிகிதர் சிவபாதசுந்தரம் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மஷூர் விளக்கத் தொடங்கினான். பிறை என்றான், வியாழன் என்றான், வெள்ளி வியாழனுக்குள் வருகிறது என்றான். இடையில் வாப்பா, கொப்பியில் பிழை இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

“தம்பி, நீர் சொல்லச் சொல்ல எனக்கு இண்டைக்கு என்ன கிழமையெண்டே மறந்து போச்சுது” என்றார் சிவபாதசுந்தரம்.

ஸமீமா ஒரு நீளமான கடதாசித் துண்டை மேசையில் விரித்தாள். சீனி சுற்றி வந்த கடதாசி அது. இடப்பக்கம் மஞ்சள் நிறத்தில் வியாழன் பகல். வலப்பக்கம் மஞ்சள் நிறத்தில் வெள்ளி பகல். நடுவில் கரியால் பூசிய ஓர் இரவு. அந்த இரவில் மூன்று கோடுகள் இருந்தன.

“ஐயா, உங்கட கந்தோரில எப்போ நாள் மாறும்?”

“நடுச்சாமத்தில. பன்னிரண்டு மணிக்கு.”

அவள் நடுக்கோட்டைத் தொட்டாள். பிறகு விரலை முதல் கோட்டுக்கு நகர்த்தினாள். “எங்கட வீட்டில இங்க மாறும், சூரியன் மறையக்குள்ள. ரமணி வீட்டில இந்தக் கடைசிக் கோட்டில, சூரியன் உதிக்கக்குள்ள. நானா பிறந்தது இங்க.”

முதல் கோட்டைத் தாண்டி, நடுக்கோட்டுக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

“வாப்பாவுக்கு அப்போ வெள்ளி தொடங்கிட்டுது. மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸின் கடிகாரத்துக்கு இன்னும் வியாழன். புள்ளி ஒண்டுதான், ஐயா.”

சிவபாதசுந்தரம் புள்ளியைக் குனிந்து பார்த்தார். பிறகு நான்கு பத்திரங்களையும் கொப்பியையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தார். தானும் விடியப்புறத்தில் பிறந்தவர்தான் என்று மெதுவாகச் சொன்னார். தாய் ஒரு கிழமை சொல்லுவாராம், பத்திரம் இன்னொன்று சொல்லுமாம். நாற்பத்தேழு வருடமாகத் தாய்க்குத்தான் மறதி என்று நினைத்திருந்தாராம்.

ஆனால் கந்தோருக்கு எழுத்தில் வேண்டும். தகப்பனார் ஒரு விளக்கம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். வாப்பாவின் முகம் இறுகியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

“வாப்பா, பிழையெண்டு எழுதத் தேவையில்லை” என்றாள் ஸமீமா. “கொப்பியும் சரி, பத்திரமும் சரியெண்டு எழுதுங்கோ. அதுதானே உண்மை.”

வாப்பா அவளைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கம் எழுதி, தன் பெயரைப் பெரிதாக வைத்தார். சிவபாதசுந்தரம் அதையும் கரி பூசிய கடதாசியையும் சேர்த்துக் குத்தி, படிவத்தின் மேல் முத்திரை குத்தினார்.

ஜூலை முதலாம் திகதி ஒரு கடிதம் வந்தது. மஷூரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, நேர்முகப் பரீட்சைக்கு வரவும் என்று அதில் இருந்தது. அதைத் துறைமுகம்வரை கொண்டுபோய்ப் பாரந்தூக்கிகளின் கீழே நின்று இன்னொரு தடவை வாசித்துவிட்டு வந்தான் மஷூர்.

உம்மா முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து மூடி வைத்திருந்தார். எப்போது வெட்டுவது என்று ஸமீமாதான் தீர்மானித்தாள். மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த பிறகு. அப்போது கந்தோருக்கு இன்னும் முதலாம் திகதி. வாப்பாவுக்கு அடுத்த நாள் தொடங்கிவிட்டது. இரண்டு பிறந்தநாளும் ஒரே நேரத்தில்.

ரமணி தன் பங்கைச் சாப்பிட்டு விரலைச் சப்பினாள். “எங்க வீட்டுக் கணக்குல விடியற வரைக்கும் இன்னைக்குத்தான். காலையிலயும் வரட்டுமா?”

ஹமீட் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினான். எந்த வீட்டுக் கணக்கிலும் மிச்சம் இருக்கவில்லை.