ஏழாம் நிமிடத்துப் பீக்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்து மாடியில் இயங்கிய உணவுப் பரிசோதனைக் கூடத்தில் தேவிப்பிரியா வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். வெளியே அடைமழை. பகலிலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அன்று அவளிடம் வந்தது கடுகு. முழுக் கடுகுக்கு நெடி கிடையாது. நசுக்கி நீர் பட்டால்தான் உள்ளிருப்பது உடைந்து, மூக்கைத் துளைக்கும் ஆவியாக மாறும். அந்த ஆவியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று குரோமட்டோகிராபி இயந்திரம் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மேடாகத் திரையில் வரையும். அதைத்தான் பீக் என்பார்கள். கடுகு நெடியின் பீக் ஏழாம் நிமிடத்தில் எழும்.

பொட்டலத்தை அவள் இன்னும் பிரிக்கவில்லை. இயந்திரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, வெறும் கரைப்பானை முதலில் செலுத்தினாள்.

கோடு தட்டையாக ஊர்ந்தது. ஐந்து நிமிடம். ஆறு.

ஏழில் செங்குத்தாக ஏறியது.

புதுக் குப்பி மாற்றினாள். மறுபடியும் ஏழில் ஏறியது, முன்னைவிட உயரமாக. மெல்ல ஒரு நெடி பரவியது. கண் கரித்தது. கடுகு அரைக்கும் மேசைப் பக்கம் யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுக்கும் சத்தம், விசில் போல.

அங்கே யாருமில்லை.

"சம்பத் அண்ணே!"

இருபது வருடமாக அங்கே உதவியாளராக இருக்கும் சம்பத் வந்து திரையைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"கடுகு போட்டியாம்மா?"

"பாக்கெட்டையே இன்னும் பிரிக்கலண்ணே."

அவர் குரல் இறங்கியது. "உனக்கு முன்னாடி சுரேகான்னு ஒரு பொண்ணு. வீசிங் கீற பொண்ணு. அன்னிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேரு. கடுகு அரைச்சிகினு இருந்துச்சு. நெடி வெளிய வருதேன்னு..."

"வருதேன்னு?"

"நான்தாம்மா இந்த ரூமுக்கு வெளிய தாப்பா போட்டேன். போட்டுட்டு டீ குடிக்கப் பூட்டேன்."

கதவுக்கு அப்பால் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

தேவிப்பிரியா ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. நெடி தொண்டையை அடைத்தது. அந்த மூச்சு இப்போது அவள் தோளருகே கேட்டது.

சம்பத் முழங்காலில் விழுந்தார். "இந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு? இத்த வுட்ரும்மா. நான் கீறேன்ல."

தாழ்ப்பாள் விலகியது.

அவள் இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தாள். பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் பத்து நிமிடம் அது திறக்கவில்லை. இத்தனைக்கும் தாழ்ப்பாள் போடப்படவில்லை.

திறந்தபோது சம்பத்துக்கு மூச்சில்லை. அறையில் துளி நெடியும் இல்லை.

போலீஸ் விசாரணை முடிந்து, அந்தப் பக்கமே இனி வருவதில்லை என்று முடிவெடுத்து, மாலையில் ஆவடி ரயிலில் ஏறினாள். பெட்டியில் கூட்டமில்லை. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரமாக அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, உன்கூட வந்த பொண்ணு இப்டி இழுத்துகினு கீது?" என்றாள். "சன்னலை வுட்டு நவுந்து குந்து. அதுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்."