செவ்வாய்ப் பெட்டிக்குள் ஒரு கை

“கையைக் காட்டுங்க!”

அம்பத்தூர் ஆய்வுக்கூடத்து வாசலில் மழை சொட்டச் சொட்ட வந்து நின்றவனிடம் நிவேதிதா பேசிய முதல் பேச்சு அதுதான்.

“இன்னா மேடம், ஜோசியமா?”

சிரித்தபடி கையை நீட்டினான் ஜஸ்டின், வேக்குவம் பம்பு மெக்கானிக். இமைகளில் மழைத்துளி... அதைப் பார்க்காத மாதிரி அவன் உள்ளங்கையைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்தாள்.

செவ்வாய்க் கிரகத்தின் குளிரையும் மெல்லிய காற்றையும் செம்மண்ணையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் உண்டாக்கி, பூமியின் கிருமிகள் அங்கே பிழைக்குமா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் விட்ட கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன. ஆனால் யாருமே விடாத ஏதோ ஒன்று மண்மேல் வெளுப்பாய்ப் படர்ந்திருந்தது... ஐந்து விரல்களோடு.

“போன மாசம் பம்பு மாத்துனப்போ வெறுங்கையால தொட்டிருக்கீங்க. என் ரெண்டு வருஷ உழைப்பு போச்சு!”

“க்ளவுஸ் போட்டுகினுதான் மேடம் செஞ்சேன்.” உள்ளே வந்து, பெட்டியின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தவனின் சிரிப்பு நின்றது. “மேடம்... இது வளந்துகினு கீதே?”

விரல்கள் நேற்றைவிட நீண்டிருந்தன. பெட்டியின் கண்ணாடிக் கதவுப் பக்கமாக.

அவள் புகார் அனுப்பினாள். அவன் கம்பெனி அவனை வேலையை விட்டு நிறுத்தியது. அந்த ஈர இமைகள் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் சோதனை முடிவு வந்தது. கிருமி அவனுடையது அல்ல. ஏதோ உறுத்த, தன் கைக் கிருமியையும் ஒப்பிட்டாள்... ஒத்துப்போனது! மண்ணைச் சமன் செய்தபோது கையுறை கிழிந்ததை அவள் கவனித்திருக்கவில்லை. அவள் தோலில் இருந்தது அவளை விட்டுப் பிரிந்து, மூச்சே இல்லாத இடத்தில் தனியாக வாழப் பழகிவிட்டது.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் பிழைப்பு போகும்... சொல்லிவிட்டு, குடைகூட எடுக்காமல் அவன் ஊரான குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினாள். ஜஸ்டின் தனக்குத் தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தான்.

“தப்பு என்னோடது. எங்க டைரக்டருக்கும் உங்க கம்பெனிக்கும் எழுதிட்டேன். சாரிங்க.”

“அத்த போன்லயே சொல்லிருக்கலாமே. இம்மா மழைல இன்னாத்துக்கு வந்தீங்க?”

“விரல் இன்னிக்குக் கண்ணாடியைத் தொட்டுடுச்சு...” “அது நான்தான்னு தெரிஞ்சப்புறம் ரொம்ப பயமா இருக்கு. தனியா அந்த ரூமுக்குள்ள போக முடியல. கூட வர்றீங்களா?”

“பம்பு பாக்கவா மேடம்?”

“பம்பு நல்லாத்தான் இருக்கு...” முதன்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள். “எனக்குத்தான் நீங்க வேணும்.”