விழுப்புரத்துக்குக் கேட்கணும்

திண்டிவனம் ரேடியோ கிளப் எலிசாவின் அப்பாவுக்குத் தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.

அப்பா அருள்நாதன் வெல்டிங் வேலை செய்பவர். கிளப் மொட்டை மாடியில் உயரமான குழாயை நட்டு, உச்சியில் புது ஆன்டெனாவை மாட்டியவர் அவர்தான். குழாய்கூட அவர் கைக்காசில் வாங்கியது.

புயலில் செல்போன் எல்லாம் செத்துப் போனாலும் கிளப்காரர்கள் ரேடியோவில் ஊருக்கு ஊர் பேசிக்கொள்வார்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். எலிசாவுக்குப் பதினொரு வயதுதான். அவள் கேட்கலாம், பேசக் கூடாது.

இத்தனை நாளும் பழைய ரேடியோப் பெட்டிதான். விழுப்புரத்தில் இருந்து பேசினால் எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே கொஞ்சம் கேட்கும். அதனால் எல்லோரும் பணம் போட்டுப் புதுப் பெட்டி, புது வயர், புது ஆன்டெனா வாங்கினார்கள்.

மாட்டிப் பார்த்தால் விழுப்புரம் கேட்கவே இல்லை!

"பழசே தேவலாம் போல இருக்கே!" என்றார் கிளப் செயலாளர் சீனுவாசன்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விழுப்புரத்துக்குக் கேக்கட்டும் சார். அதுவரைக்கும் எனக்குக் காசு வேணாம்."

"அப்பா! என் சைக்கிள் டயரு?"

"சும்மா இரு பாப்பா. சொன்னா சொன்னதுதான்."

ஒரு வாரம் எலிசா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும், அப்பாவுக்குத் தட்டில் கேப்பை அடை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள். ரேடியோ அறையில் கலைமதி அக்கா ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். கிளப்பில் அதிகம் பேசுபவர் அவர்தான்.

"பெட்டியப் பாத்தாச்சு, வயரப் பாத்தாச்சு. ஒரே பேஜாரா இருக்கு எலிசா. இன்னிக்கும் கேக்கலன்னா எல்லாத்தையும் கழட்டிடலாம்னு சீனுவாசன் சார் சொல்றாரு."

எலிசா மாடிக்கு ஓடினாள். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே அப்பா!

"குரங்கு வரும்னு சார் பூட்டிக்கினு டீ குடிக்கப் போயிட்டாரு. உள்ள ஒரு ஆளு இருக்கிறத மறந்துட்டாரு" என்றார் அப்பா.

எலிசா சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள். டங்! கம்பியில் இடித்தது. கதவில் எல்லாமே நெட்டுக் கம்பிகள். தட்டைச் செங்குத்தாகத் திருப்பினாள். சட்டென்று உள்ளே போனது. அடையும் சரிந்தது. அப்பா அதை லாகவமாகப் பிடித்துக்கொண்டார்.

எலிசா தட்டைப் பார்த்தாள். பிறகு குழாய் உச்சியைப் பார்த்தாள். ஆன்டெனா கம்பிகள் மீன் முள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

"அப்பா, பழைய ஆன்டெனா நின்னுக்கினுதானே இருந்துச்சு? இத ஏன் படுக்க வெச்சீங்க?"

"அந்தக் காலத்துல எத்தினி டிவி ஆன்டெனா மாட்டியிருக்கேன்! எல்லாமே படுக்கத்தான் வெப்போம்."

அவள் தடதடவென்று கீழே இறங்கினாள்.

"அக்கா, விழுப்புரத்துல ஆன்டெனா கம்பிங்க நின்னுக்கினு இருக்குதா, படுத்துக்கினு இருக்குதா?"

"நின்னுக்கினுதான். ஏன்?"

"நம்மளுது படுத்துக்கினு இருக்குதே!"

கலைமதியின் கையில் இருந்து ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது. "அய்யய்யோ! ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லன்னா பேச்சு வந்து சேராது. அத்தினி பேரும் பெட்டியவே பாத்துக்கினு இருந்தோமே, ஒருத்தராவது தலையத் தூக்கிப் பாத்தோமா!"

அப்போது சீனுவாசன் டீயோடு வந்தார்.

"சார், ஜல்தியா சாவி குடுங்க! எங்கப்பா உள்ள இருக்காரு!"

"ஐயோ, அருள்நாதா!" என்று கத்திக்கொண்டே அவர் மாடிக்கு ஓடினார்.

அப்பா ஏணியில் ஏறி இரண்டு நட்டைத் தளர்த்தி, ஆன்டெனாவை நிமிர்த்தித் திருகினார். கீழே கலைமதி மைக்கை எடுத்து, "விழுப்புரம், கேக்குதா?" என்று உரக்கக் கேட்டார்.

"கேக்குது, கேக்குது! ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றது பெட்டி. விழுப்புரத்து கோகுலகிருஷ்ணனின் குரல். "பக்கத்து வீட்டுல நின்னு பேசுற மாதிரி இருக்குதே! என்ன பண்ணீங்க?"

"படுத்திருந்த ஆன்டெனாவ எழுப்பிட்டோம். கண்டுபிடிச்சது நம்ம வெல்டர் பொண்ணு எலிசா."

"எலிசாவுக்கு விழுப்புரத்தோட வணக்கம்!"

எலிசாவுக்குப் பேச அனுமதி இல்லை. அதனால் பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு, அப்பாவோடு மாடியில் இருந்து இறங்கி வந்த சீனுவாசன் பக்கம் அதே கையை நீட்டினாள்.

"சார், விழுப்புரத்துக்குக் கேட்டுடுச்சு."

"பாப்பா!" என்று அப்பா அதட்டினார்.

"கேக்கட்டும்யா, நியாயந்தானே?" சீனுவாசன் சிரித்துக்கொண்டே அவள் கையில் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாயையும் எண்ணி வைத்தார். "பாக்கி தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு சார்."

அப்பா செருப்பை மாட்டினார். "வா, வீட்டுல இருந்து சைக்கிளத் தள்ளிக்கினு போயிடலாம். டயர் கடை மூடிடப் போறான்."

"நீங்க இன்னும் அடை சாப்பிடலியே?"

"நடந்துக்கினே தின்னுக்கலாம்" என்றார் அப்பா. "வரும்போது ரெண்டு பேரும் சைக்கிள்லயே வந்துடலாம்."