வெளியில் நடுங்கிய பெட்டி

கிட்ட வாங்கோ, செல்லங்களே. கதவோரம் இருக்கிறவர் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வாங்கோ, குளிர் உள்ளே வருகிறது. எல்லாரும் இருந்தாச்சா? சரி. நாலு அறைக்குச் சூடு கொடுத்துவிட்டுத் தான் மட்டும் பனியில் நின்ற ஒரு பெட்டியின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

டென்மார்க்கில் பிராண்டே என்று ஒரு சின்ன ஊர். அங்கே பத்து வயதுச் சாரங்கி இருந்தாள். அப்பா பாலேந்திராவுக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கமலாதேவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தம்பி தாரகனுக்கு ஆறு வயது. அவனுக்கு வேலை, சாரங்கியின் பொருட்களை ஒளித்து வைப்பது.

அந்த மாசி மாதம் அவர்கள் வீட்டுக்கு அருமைநாயகிப் பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. அம்மாவின் சொந்த நாட்டில் சண்டை முடிந்து அப்போதுதான் முதல் மாரிகாலம். சண்டையில் வீட்டை இழந்து, முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் பல மாதங்கள் இருந்துவிட்டு வந்தவர். தங்கையைக் கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார். இரண்டு பேரும் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபடி நின்றதில், பின்னால் வந்த சூட்கேஸ் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன.

ஆனால் வீட்டில் ஒரு பிரச்சினை. பழைய எண்ணெய் அடுப்பு ஹோலை மட்டும்தான் சூடாக்கும். பெரியம்மாவின் அறையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கல்லாக உறைந்து கிடந்தது. பெரியம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். ஒரு சொட்டும் வரவில்லை.

"தலைக்கு வைக்கிற எண்ணெயே இப்பிடி விறைச்சுப் போச்செண்டால், தலை என்ன பாடுபடும்?" என்றார்.

அதனால் அப்பா ஒரு ஹீட் பம்ப் பூட்ட ஏற்பாடு செய்தார். வெளியே ஒரு பெரிய பெட்டி. உள்ளே ஹோலுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, பிள்ளைகளின் அறைக்கு ஒன்று, பெரியம்மாவின் அறைக்கு ஒன்று என்று நாலு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ரிமோட். அவரவர் அறைக்கு அவரவர் விருப்பப்படி சூடு.

வெள்ளிக்கிழமை ஹென்னிங் என்ற டென்மார்க்காரர் வந்தார். மலை மாதிரி ஆள், பூனை மாதிரிக் குரல். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் குளிர்கால விடுமுறை என்பதால், பெரியம்மாவுக்கு டேனிஷை மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு சாரங்கிக்கு வந்தது.

ஹென்னிங் துளை போடும் மெஷினை எடுத்துச் சுவரில் பெரிய ஓட்டை போட்டார். பனிக்காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"குளிர் வருதெண்டுதானே இவரைக் கூப்பிட்டனீங்கள்?" என்றார் பெரியம்மா. "இவர் அதுக்கு வாசல் எல்லோ வைச்சுக் குடுக்கிறார்."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று ஹென்னிங் கேட்டார்.

"ஓட்டை நல்ல வட்டமாக இருக்கிறதாம்" என்றாள் சாரங்கி.

ஹென்னிங்குக்குக் காதுவரை சந்தோஷம். அதே சந்தோஷத்தோடு மற்ற அறைகளிலும் ஓட்டை போட்டார்.

ஹென்னிங் பழைய அடுப்பைக் கழற்றிவிட்டு, எல்லாம் பூட்டி முடித்தார். "இப்போது போடலாமா?" என்று கேட்டார். அம்மா குசினியிலிருந்து தலையை நீட்டிச் சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

"ராகு காலம், பிள்ளை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு போடச் சொல்லு."

சாரங்கி யோசித்தாள். "இது கெட்ட நேரமாம். கொஞ்சம் பொறுக்க வேண்டுமாம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தட்டு வடை முடியும்வரை."

ஹென்னிங் உடனே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வடையைக் கடித்துக்கொண்டே விளக்கமும் சொன்னார். சாரங்கியும் வடையைக் கடித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"இந்தக் குளிர்காத்திலயும் கொஞ்சச் சூடு இருக்காம், பெரியம்மா. வெளியில நிக்கிற பெட்டி அதைப் பிடிச்சு உள்ள அனுப்புமாம்."

"அப்ப அது வெளியிலயே நிக்குமோ?"

"ஓம்."

"இரவிலயும்?"

"ஓம், பெரியம்மா."

பெரியம்மா யன்னலால் வெளியே பார்த்தார். "ம்" என்றார்.

"முக்கியமான ஒன்று" என்றார் ஹென்னிங். "அந்தப் பெட்டியைச் சுற்றி எதையும் வைத்து மறைக்கக்கூடாது. அது மூச்சுவிட வேண்டும்."

சாரங்கியின் வாய் நிறைய வடை. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். "பன்னிரண்டு மணியாச்சு, போடச் சொல்லு" என்று அம்மா கூப்பிட்டார். சாரங்கி எழுந்து ஓடினாள். அந்த வசனம் வடையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது.

அம்மா வெளிப்பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். ஹென்னிங் சுவிட்சைப் போட்டார். நாலு அறையிலும் இதமான காற்று வந்தது. மறுநாள் காலையில் பெரியம்மாவின் எண்ணெய்ப் போத்தலுக்குள் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆடியது. பெரியம்மா தலைக்கு வைத்து, சாரங்கிக்கும் வைத்து, ஓடித் தப்பப் பார்த்த தாரகனையும் பிடித்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வீடு குளிர்ந்து கிடந்தது. நாலு பெட்டியிலும் காற்றே இல்லை.

அப்பா நாலு ரிமோட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தாரகன், இதுகளை அமத்தினது நீதானே?"

"நான் இல்லை" என்று தாரகன் டேனிஷில் சொன்னான்.

"தமிழில சொல்லு."

"தமிழிலயும் நான் இல்லை."

அப்பா ஹென்னிங்குக்குப் போன் எடுத்தார். "நாளைக்குப் பின்னேரம்தான் வரமுடியுமாம்" என்று போனை வைத்தார்.

பெரியம்மா இரண்டு சுவெட்டரும் அப்பாவின் காலுறையும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். கையில் எண்ணெய்ப் போத்தல். எண்ணெய் மறுபடியும் கல்.

"தங்கச்சி, பிளேன் ரிக்கெற்றை மாத்து. நான் இந்தக் கிழமையே போறன். என்னாலதானே உங்களுக்கு இவ்வளவு கரைச்சல்."

அம்மா குசினிக்குப் போய், வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்தார்.

சாரங்கி பெரியம்மாவின் பக்கத்தில் போய் இருந்தாள். அவருடைய கை ஐஸ் மாதிரி இருந்தது. போர்த்திவிடலாம் என்று போர்வையைத் தேடினாள். அம்மா புதிதாக வாங்கிக் கொடுத்த தடித்த சிவப்புக் கம்பளிப் போர்வையைக் காணோம்.

"பெரியம்மா, உங்கட போர்வை எங்க?"

பெரியம்மா யன்னல் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தேவையான இடத்தில இருக்கு."

சாரங்கி யன்னலால் எட்டிப் பார்த்தாள். கொல்லையில் சிவப்பாக, குண்டாக ஒன்று நின்றது. சுற்றிவரப் போர்வை. இடுப்பில் பழைய சேலைக் கிழிசலால் ஒரு கட்டு. தலையில் அப்பாவின் கம்பளித் தொப்பி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே ஹென்னிங் சொன்ன வசனம் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்கதவால் வெளியே போனாள். பெரியம்மாவும் மெல்லப் பின்னால் வந்தார்.

"அவிழ்க்காதை, பிள்ளை" என்றார். "நேற்று முழுக்க அது பனிக்குள்ள நிண்டு நடுங்கிச்சுது. வாயால ஆவியும் விட்டிச்சுது. நாங்கள் உள்ள சூடாக இருக்க, அது மட்டும் வெளியில. வெளியில நிண்டு நடுங்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். போர்த்திவிட்டன். பிறகு பார், நடுக்கம் நிண்டுட்டுது. நல்ல நித்திரை."

"நித்திரை இல்லை, பெரியம்மா. மயங்கிப் போச்சு."

பெரியம்மா வாயில் கை வைத்தார்.

"பிழை என்னில" என்றாள் சாரங்கி. "அது மூச்சுவிட வேணும், மறைக்கக்கூடாதெண்டு ஹென்னிங் சொன்னவர். நான் உங்களுக்குச் சொல்லேல்லை. வடையோட விழுங்கிப்போட்டன்."

இரண்டு பேரும் கட்டை அவிழ்த்தார்கள். பெட்டியின் முதுகெல்லாம் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது.

"அப்ப இது இப்பிடியே வெறுந்தலையோட நிக்கிறதோ?" என்று பெரியம்மா கேட்டார். கேட்ட குரலில், இந்தப் பிள்ளை ஓம் என்று சொல்லிவிடக்கூடாதே என்ற பயம் இருந்தது.

சாரங்கி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காற்று முதுகால் போய் முகத்தால் வரத்தான் வழி இருக்கிறது. தலைக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

"போர்வை கூடாது. ஆனால் கூரை போடலாம்" என்றாள்.

தாரகனிடம் ஒரு பெரிய பச்சை பிளாஸ்டிக் பனிச்சறுக்கு வண்டி இருந்தது. சாரங்கி அவனைக் கூப்பிட்டு விஷயத்தைக் காதுக்குள் சொன்னாள்.

"நான் இல்லையெண்டு நான் சொன்னனான்தானே" என்றான் தாரகன்.

"ஓம், நீ இல்லை. வண்டியைத் தா."

"பெரியம்மா இனிமேல் எனக்கு எண்ணெய் வைக்கக்கூடாது."

"சரி, வைக்கேல்லை" என்றார் பெரியம்மா. அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

வண்டியைக் கவிழ்த்துப் பெட்டியின் தலையில் வைத்தார்கள். மேலே இரண்டு செங்கல். இப்போது பெட்டிக்குக் கூரையும் இருந்தது, மூச்சுவிட இடமும் இருந்தது. சாரங்கி உள்ளே போனாள்.

"அப்பா, மெயின் சுவிட்சை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ."

அப்பா போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளியே பெட்டி ஒரு தடவை குலுங்கியது. குப்பென்று ஆவி எழுந்தது. ஐஸ் உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நாலு அறையிலும் இளஞ்சூட்டுக் காற்று வரத்தொடங்கியது.

"பாத்தியளோ" என்றார் அப்பா. "இந்த மெஷினுகளுக்கு என்ர கை பட்டால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

சாரங்கி பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா சாரங்கியைப் பார்த்தார். அப்பா சுவிட்சைப் போட்ட விதத்தை அம்மாவுக்கு மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வந்த ஹென்னிங், பச்சைக் கூரையைப் பார்த்துத் தாடையைத் தடவினார். "இது எதற்கு?"

"பனி தலையில் விழாமல் இருக்க" என்றாள் சாரங்கி.

"நல்ல வேலை. காற்று தடைப்படவில்லை." கொஞ்சம் தயங்கினார். "இன்றைக்கும் கெட்ட நேரம் ஏதாவது உண்டா? வடை வாசம் வருகிறதே."

அவர் சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார். "அக்கா, ரிக்கெற்றை மாத்தவோ?"

பெரியம்மா எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் மினுங்கி ஆடியது.

"எப்பிடிப் போறது? வெளியில நிக்கிற அந்தப் பிள்ளையின்ர கூரை காத்துக்குப் பறக்காமல் பாக்க ஒரு ஆள் வேணுமே" என்றார்.

அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சிரித்தார்.

அவ்வளவுதான் செல்லங்களே, கதை முடிந்தது. உங்கள் வீட்டு எண்ணெய் ஒருநாளும் உறையாமல் இருக்கட்டும். எல்லா அறையிலும் இதமான சூடு இருக்கட்டும். வெளியில் நிற்கிறவருக்குக் கொடுக்க, உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு போர்வை மிச்சம் இருக்கட்டும்.